பூ பூக்கிறது, காய் பிடிக்கவில்லை: செடி தன் மகரந்தத்தையே தள்ளுகிறதா என்று கண்டுபிடிப்பது எப்படி

ராத்திரி பத்தரை மணி, மொட்டை மாடி, வாயில் கவ்விய டார்ச், கையில் மேக்கப் பிரஷ். என் டிராகன் பழக் கொடியில் முதல் முறை பூ வந்தபோது இப்படித்தான் நின்றேன். பூ ஒவ்வொன்றும் ஒரு சாணுக்கு மேல் நீளம், தட்டினால் மகரந்தம் மாவு மாதிரிக் கொட்டுகிறது, அதை வழித்தெடுத்து நடுவில் நட்சத்திரம்போல் விரிந்திருக்கும் சூலகமுடியில் பூசிவிட்டு, வேலை முடிந்தது என்று தூங்கப் போனேன். ஐந்தாம் நாள் பூ காம்போடு மஞ்சளாகி விழுந்தது. அடுத்த பூவும் அப்படியே. உரம் போதவில்லை என்றார் ஒருவர், போரான் அடியுங்கள் என்றார் இன்னொருவர், தேனீ வராததுதான் காரணம் என்றார் மூன்றாமவர். தேனீயின் வேலையைத்தான் நானே பார்த்தேனே!

என்னிடம் இருந்தது மூன்று தொட்டி. மூன்றும் ஒரே நர்சரியில் வாங்கியவை, மூன்றும் சிவப்புச் சதை ரகம். "மூணு வெச்சா ஒண்ணுக்கொண்ணு சேர்ந்துக்கும் சார்" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். பிறகு விசாரித்தால் மூன்றும் ஒரே தாய்க்கொடியில் வெட்டிய தண்டுகள். அதாவது என் மாடியில் தொட்டிதான் மூன்று, செடி ஒன்றுதான். அந்தச் செடிக்குத் தன் மகரந்தம் ஆகாது.

பள்ளிப் பாடப்புத்தகத்தில் இதைச் சுய-பொருந்தாத்தன்மை என்று படித்திருப்பீர்கள், தேர்வு எழுதியதும் மறந்திருப்பீர்கள். ஆண் பாகமும் பெண் பாகமும் நல்ல நிலையில் இருக்கும், மகரந்தமும் வீரியத்தோடு இருக்கும், வேறு செடிக்குக் கொண்டுபோனால் காய் பிடிக்கும், ஆனால் சொந்தப் பூவில் வைத்தால் மட்டும் செடி அதை அடையாளம் கண்டு தடுத்துவிடும். பூக்கும் தாவர இனங்களில் ஏறக்குறைய பாதிக்கு இந்தக் குணம் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. உங்கள் செடிக்கு இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரு பிரஷ், கொஞ்சம் கலர் நூல், பட்டர் பேப்பர், கொஞ்சம் பொறுமை போதும்.

முதலில், வேறு காரணங்களைக் கழித்துக்கட்டுங்கள்

பூசணி, பாகல், பீர்க்கு எல்லாம் இந்தக் கணக்கில் வராது. அவற்றில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு, ஆண் பூவைக் கிள்ளிப் பெண் பூவில் தேய்த்தால் அதே கொடியிலேயே காய் பிடிக்கும். தோட்டத்துத் தக்காளி, கத்தரி, மிளகாய், அவரை ஆகியவையும் தன் மகரந்தத்தை மறுப்பேச்சில்லாமல் ஏற்றுக்கொள்பவை. சித்திரை வெயிலில் தக்காளிப் பூ உதிர்ந்தால் அது சூட்டினால், மகரந்தம் பொருந்தாததால் அல்ல.

சீத்தா கொஞ்சம் ஏமாற்றும். அதன் பூவில் பெண் பாகம் முதலில் தயாராகும், மகரந்தம் பிறகுதான் உதிரும், அதனால் ஒரே பூவுக்குள் சேர்க்கை நடக்காமல் போகும். பார்ப்பதற்குத் தன் மகரந்தத்தை மறுப்பதுபோலவே இருக்கும். ஆனால் ஒரு பூவில் எடுத்த மகரந்தத்தை அதே மரத்தில் அப்போதுதான் விரியும் இன்னொரு பூவுக்கு வைத்தால் காய் வந்துவிடும். அது நேரம் பொருந்தாத பிரச்சினை, ஆள் பொருந்தாத பிரச்சினை இல்லை.

இவற்றையெல்லாம் கழித்த பிறகும் பூ பூத்துப் பூத்து உதிர்ந்தால் அடுத்த கேள்வி: அது விதையில் முளைத்ததா, தண்டில் வந்ததா? ஒட்டு, பதியன், தண்டு வெட்டு எதுவானாலும் ஒரே தாயிலிருந்து வந்தவை எல்லாம் மரபணு அளவில் ஒரே ஆள். பக்கத்து வீட்டுக்காரரும் அதே நர்சரியில் வாங்கியிருந்தால் அவர் செடியும் உங்கள் செடியேதான்.

முள்ளங்கியில் கை பழகுங்கள்

நேராக டிராகன் பழத்தில் சோதனை செய்யாதீர்கள். பூ குறைவு, வீணானால் மனசு கேட்காது. முள்ளங்கி இதற்கென்றே பிறந்த செடி. கிழங்கைப் பிடுங்காமல் விட்டால் தண்டு நீட்டி நூற்றுக்கணக்கில் பூக்கும், தன் மகரந்தத்தைக் கண்டிப்பாக மறுக்கும், முடிவும் பத்து நாளில் தெரிந்துவிடும். சமையலறைக் கடுகும் அதே குடும்பம்தானே என்று அதைப் போட்டுவிடாதீர்கள், நம் தாளிப்புக் கடுகு தன் மகரந்தத்திலேயே நன்றாகக் காய்க்கிற ரகம், சோதனையில் எதுவும் தெரியாது.

விதை பாக்கெட் வாங்கும்போது ஒரு விஷயம் பாருங்கள். எஃப்1 ஹைபிரிட் என்று போட்டிருந்தால் வேண்டாம், சாதாரண நாட்டு ரகம் எடுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இரண்டு செடி பூக்கத் தொடங்கியதும் ஒன்றை மட்டும் சோதனைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நான்கு கிளை. ஏற்கெனவே விரிந்த பூக்களையும் உருவான பிஞ்சுகளையும் கிள்ளி எறிந்துவிட்டு மொட்டுகளை மட்டும் விடுங்கள், கிளைக்கு ஒரு நிற நூல் கட்டுங்கள், பட்டர் பேப்பர் பையால் மூடி அடியில் பஞ்சு வைத்துக் கட்டுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், உள்ளே வேர்த்து மகரந்தம் பிசுபிசுத்துப் போகும்.

வெள்ளை நூல் கிளையைத் தொடவே வேண்டாம், அப்படியே மூடிக் கிடக்கட்டும். சிவப்பு நூல் கிளையில், காலையில் விரிந்த பூக்களுக்கு அதே செடியின் இன்னொரு பூவிலிருந்து மகரந்தம் வையுங்கள். பச்சை நூல் கிளையில் மறுநாள் விரியப்போகும் மொட்டை முந்தின நாள் மாலையே மெதுவாகத் திறந்து, உள்ளே இருக்கும் ஆறு மகரந்தத் தாள்களையும் (நான்கு நெட்டை, இரண்டு குட்டை) இடுக்கியால் கிள்ளிவிட்டு மூடிவையுங்கள், காலையில் இரண்டாவது செடியின் மகரந்தத்தை வையுங்கள். நீல நூல் கிளைதான் சுவாரஸ்யமானது, அதற்கு மட்டும் தனியாக ஒரு பத்தி.

முள்ளங்கி பூங்கொத்தைப் பார்த்தால் மேலே போகப் போக மொட்டு சிறுத்துக்கொண்டே போகும். விரிய இன்னும் 2 முதல் 4 நாள் இருக்கிற, பச்சையாக இறுகிக் கிடக்கும் மொட்டைத் தேர்ந்தெடுங்கள். இடது கை ஆள்காட்டி விரலில் மொட்டைச் சாய்த்துவைத்துக்கொண்டு, ஊசி முனையால் புல்லிக்கும் இதழுக்கும் நடுவே கீறித் திறந்தால் உள்ளே குட்டியாகச் சூலகம் தெரியும், தலையில் குண்டூசித் தலைபோல ஒரு மொட்டை முனை. அதுதான் சூலகமுடி. அதே செடியில் இன்று விரிந்த பூவைப் பறித்து, இதழ்களைப் பின்னால் மடக்கிப் பிடித்துக்கொண்டு, மகரந்தப்பையை அந்த முனையில் ஒரு தடவை தொடவைத்தால் மஞ்சளாக ஒட்டும். மூடிவிடுங்கள். முதல் ஐந்தாறு மொட்டு நசுங்கும், எல்லோருக்கும் நசுங்கும், அதனால் கிளைக்குப் பத்துப் பூவாவது செய்யுங்கள். கிளை மாறும்போது பிரஷையும் இடுக்கியையும் ஸ்பிரிட்டில் முக்கிக் காயவையுங்கள்.

எண்ணுங்கள்

ஒரு வாரம் பத்து நாள் கழித்துப் பையை எடுத்தால், பச்சை நூல் கிளையில் காய்கள் பருத்து நீண்டிருக்கும். சிவப்பு நூலில் காய்ந்த காம்பும், ஒன்றிரண்டு சோனிக் காயும். வெள்ளையிலும் அதே கதிதான். நீலத்தில், கை நன்றாகப் படிந்திருந்தால், காய் இருக்கும்! அதே செடி, அதே மகரந்தம், விரிந்த பூவில் மறுத்ததை மொட்டில் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

காய் எண்ணிக்கை மட்டும் பார்க்காமல் முற்றவிட்டு விதையையும் எண்ணுங்கள். சொந்த மகரந்தத்தில் பூவுக்கு எத்தனை விதை, அயல் மகரந்தத்தில் பூவுக்கு எத்தனை விதை என்று கணக்குப் போட்டு முன்னதைப் பின்னதால் வகுங்கள். விடை 0.2-க்குக் கீழே இருந்தால் செடி தன்னை மறுக்கிறது என்று எடுத்துக்கொள்வது ஆய்வாளர்கள் வழக்கம். 1-ஐ ஒட்டி வந்தால் அதற்குப் பேதமே கிடையாது. நடுவில் வந்தால் அரைகுறை மறுப்பு, அதுவும் நிறையச் செடிகளில் உண்டு.

பச்சை நூலிலும் காய் பிடிக்கவில்லையா? ஒன்று உங்கள் கைப்பக்குவம், அல்லது இரண்டு செடியும் பங்காளிகள். இங்கேதான் எஃப்1 விஷயம் வருகிறது.

பங்காளி, மாமன் மச்சான் கணக்கு

நம் ஊரில் பெண் பார்க்கும்போது பங்காளி வீடா, மாமன் மச்சான் வீடா என்றுதான் முதலில் கேட்பார்கள். பங்காளி என்றால் எத்தனை தலைமுறை தள்ளியிருந்தாலும் கிடையாது, அத்தை மகன் என்றால் நெருங்கிய ரத்தமாக இருந்தாலும் ஆகும். செடியும் கிட்டத்தட்ட இப்படித்தான் பார்க்கிறது. மொத்த ஜாதகத்தையும் புரட்டாது, ஒரே ஒரு மரபணு இடத்தை மட்டும் பார்க்கும், அதற்கு எஸ் இடம் என்று பெயர். அங்கே எஸ்1, எஸ்2, எஸ்3 என்று நிறைய வகை உண்டு, முட்டைக்கோஸில் மட்டும் சுமார் 50 தெரியும். ஒவ்வொரு செடியும் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இரண்டு வைத்திருக்கும். வகை ஒத்துப்போனால் பங்காளி, கதவு சாத்தப்படும். வகை வேறாக இருந்தால் கூடப்பிறந்த செடியே ஆனாலும் காய் பிடிக்கும்.

எஃப்1 விதை என்பது இரண்டு தூய வரிசைகளை, அதாவது தலைமுறை தலைமுறையாக ஒரே மாதிரி வரும் இரண்டு பரம்பரைகளை, சேர்த்து எடுப்பது. ஒரு பக்கம் எஸ்1 மட்டும், மறுபக்கம் எஸ்2 மட்டும் இருந்தால் பிள்ளைகள் அத்தனையும் எஸ்1எஸ்2. பாக்கெட்டில் இருக்கும் ஆயிரம் விதையும் ஒன்றுக்கொன்று பங்காளி. வேடிக்கை என்னவென்றால், கோஸ், முள்ளங்கி ஹைபிரிட் விதைத் தொழிலே இந்தக் குணத்தின் மேல்தான் வளர்ந்தது. இரண்டு வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் நட்டுத் தேனீயை விட்டால், தன் மகரந்தம் செல்லாததால் கிடைப்பதில் பெரும்பகுதி கலப்பு விதைதான். தாய் வரிசையைத் தூய்மையாகக் காப்பாற்ற நீங்கள் நீல நூலில் செய்த அதே மொட்டு வேலையைத்தான் ஜப்பானிய விதை நிறுவனங்கள் ஆள் வைத்துச் செய்தன. இப்போது மகரந்தமே மலடான வரிசைகள் வந்து அந்த வேலை நிறையக் குறைந்துவிட்டது.

சூலகமுடியில் என்ன நடக்கிறது

முள்ளங்கியின் சூலகமுடி லென்ஸில் பார்த்தால் வெல்வெட் துணி மாதிரி இருக்கும், விரல் விரலாக நீட்டிய செல்கள். மேற்பரப்பு உலர்ந்தது. வந்து விழும் மகரந்தத்தூளும் உலர்ந்ததுதான், அந்தச் செல் தண்ணீர் கொடுத்தால்தான் அது உப்பும், சூல் வரை போய்ச் சேரும் குழாய் விடும். அயல் மகரந்தம் என்றால் பத்து நிமிஷத்தில் உப்பி, அரை மணியில் குழாய் நீட்டத் தொடங்கிவிடும். சொந்த மகரந்தத்துக்குத் தண்ணீர் கிடையாது, அல்லது குழாய் எட்டிப்பார்த்ததும் மேலே போக வழி இருக்காது. வாசலிலேயே நிறுத்திவைப்பது.

ஆளை எப்படித் தெரிகிறது? மகரந்தத்தின் மேல்பூச்சில் ஒரு குட்டிப் புரதம் இருக்கிறது, சூலகமுடிச் செல்லின் மேல்தோலில் அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி என்ற இன்னொரு புரதம் இருக்கிறது. இரண்டும் ஒரே எஸ் வகையாக இருந்தால் பொருந்திக்கொள்ளும், பொருந்தினால் மறுப்பு. சாவி பூட்டுக்குப் பொருந்தினால் கதவு திறப்பதுதானே உலக வழக்கம், இங்கே தலைகீழ். ஏற்பியை 1991-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நஸ்ரல்லா குழு கண்டுபிடித்தது, மகரந்தப் பக்கத்துப் புரதம் பிடிபட 1999 ஆகிவிட்டது. 2002-இல் அதே குழு, தன் மகரந்தத்தைத் தாராளமாக ஏற்கும் அராபிடாப்சிஸ் என்ற களைச்செடிக்குள் அதன் உறவுக்காரச் செடியிலிருந்து இந்த இரண்டு மரபணுக்களை மட்டும் வைத்தார்கள். அது தன்னையே மறுக்க ஆரம்பித்தது! இரண்டே இரண்டு மரபணு.

மொட்டில் ஏன் ஏமாந்தது என்பதும் இப்போது விளங்கும். மொட்டுப் பருவத்தில் அந்த ஏற்பி இன்னும் போதுமான அளவு உருவாகியிருக்காது. வாசல் கட்டியாகிவிட்டது, காவல்காரர் இன்னும் வேலைக்குச் சேரவில்லை.

இன்னொன்று. அந்த மேல்பூச்சு மகரந்தம் தானே செய்துகொள்வதல்ல, மகரந்தப்பையின் உட்சுவர் பூசிவிடுவது. வீட்டார் மாட்டிவிட்ட சட்டை. அதனால் தூள் தனக்குள் எந்த ஒற்றை எஸ் வகையைச் சுமந்தாலும் அப்பா செடியின் இரண்டு வகையும் சட்டையில் தெரியலாம்.

ஆப்பிள், பேரி, செர்ரி, பாதாம், தக்காளியின் காட்டு உறவுகள், பெட்டூனியா ஆகியவற்றில் கதையே வேறு. அங்கே வாசலில் தடுப்பதில்லை, உள்ளே விட்டுப் பாதி வழியில் கொல்கிறார்கள். சூலகத்தண்டு முழுக்க ஆர்என்ஏ-வை நறுக்கும் ஒரு நொதி நிரம்பியிருக்கிறது, எந்த மகரந்தக் குழாய் வந்தாலும் அது உள்ளே புகும். பெட்டூனியா, ஆப்பிள், பேரி போன்றவற்றில் மகரந்தத்திடம் மாற்று மருந்து ஒரு பெட்டி நிறைய இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு சில வகை விஷத்தை முறிக்கும். தன் சொந்த எஸ் வகை விஷத்துக்கு மட்டும் மருந்து இருக்காது. ஆகவே அயலார் வீட்டில் பிழைக்கும், சொந்த வீட்டில் சாகும். விஷம் நொதிதான் என்று 1989-இல் மெல்போர்னில் தெரிந்தது, மருந்துப் பெட்டியின் புரதம் 2004-இல் பெட்டூனியாவில் உறுதியானது, ஒரு மருந்து போதாமல் பல சேர்ந்து வேலை செய்கின்றன என்பது 2010-இல்.

இந்த வகையில் சட்டை விவகாரம் இல்லை, ஒவ்வொரு தூளும் தான் சுமக்கும் ஒற்றை எஸ் வகைக்கு மட்டுமே பதில் சொல்லும். அதனால் எஸ்1எஸ்2 மரத்துக்கு எஸ்1எஸ்3 மரத்திலிருந்து மகரந்தம் வந்தால் பாதி சாகும், பாதி பிழைக்கும். செர்ரியில் 'ஸ்டெல்லா' என்று 1968-இல் கனடாவில் வந்த ரகம் தனியாகவே காய்ப்பது. செர்ரியில் மருந்துக் கணக்கு கொஞ்சம் வேறு, மகரந்தப் பக்கத்து மரபணுதான் சொந்த வகையைக் காட்டிக்கொடுக்கும், ஸ்டெல்லாவில் அது கெட்டுப்போய்விட்டது. ஜப்பானில் ஒரு பேரி ரகத்தில் விஷப் பக்கத்து மரபணுவே காணாமல் போய், அதுவும் தனியாகக் காய்க்கிறது. பூட்டு கெட்டாலும் சாவி கெட்டாலும் கதவு திறந்துகொள்கிறது.

மூன்றாவது முறை ஐரோப்பிய வயல் பாப்பியில் உள்ளது: சூலகமுடியின் புரதம் பட்டதும் சொந்த மகரந்தக் குழாய்க்குள் கால்சியம் பாய்ந்து, செல் தன்னைத் தானே முடித்துக்கொள்ளும். நம் கசகசாச் செடிக்கு இந்தப் பிடிவாதம் கிடையாது.

கோகோ இன்னும் மோசம். குழாய் சூற்பை வரை போய்ச் சேர்ந்துவிடும், கடைசி நொடியில் கூடாமல் போகும், இரண்டு மூன்று நாளில் பூ உதிரும். பொள்ளாச்சிப் பக்கம் தென்னைக்கு ஊடே கோகோ வைத்திருப்பவர்களிடம் பல குளோன்களை, அதாவது வேறு வேறு தாயிலிருந்து எடுத்த செடிகளை, கலந்து நடச் சொல்வது இதனால்தான்.

சரி, இனி என்ன செய்வது

உங்கள் செடி தன்னை மறுக்கிறது என்று உறுதியானால், காய் வேண்டுமா விதை வேண்டுமா என்று முதலில் முடிவு செய்யுங்கள். கோஸ், முள்ளங்கியில் தூய விதை எடுக்கிறவர்களுக்கு மொட்டு வழி இருக்கிறது. அதற்குப் பொறுமை இல்லையென்றால் விரிந்த பூவின்மேல் 3 முதல் 5 சதவீத உப்புக் கரைசலைத் தெளித்துவிட்டு மகரந்தம் வைப்பதும் உண்டு, கூடாரத்துக்குள் கார்பன்-டை-ஆக்சைடைக் கூட்டுவதும் உண்டு. இவை கடுகுக் குடும்பத்துக்கான தந்திரங்கள். டிராகன் பழத்தில் போய் உப்புத் தண்ணீர் அடிக்காதீர்கள்.

பழம் வேண்டுமென்றால் ஒரே வழிதான், வேறு ரகம். செர்ரி, பாதாம் தோட்டங்களில் வரிசை மாற்றி ரகம் நடுவது அதனால்தான், தசேரி, லங்டா மாந்தோப்புகளுக்கும் இது பொருந்தும். பாஷன் ஃப்ரூட்டில் மஞ்சள் ரகம் தன்னை மறுக்கும், ஊதா ரகம் தனியாகவே காய்க்கும், இடம் குறைவாக இருந்தால் ஊதாவே வையுங்கள். இதற்கெல்லாம் ஒரு விதிவிலக்கு அன்னாசி. அதுவும் தன்னை மறுப்பதுதான், வயல் முழுக்க ஒரே குளோன் என்பதால் விதை பிடிக்காது, நமக்கு அதுதான் வசதி. வெளி மகரந்தம் வந்து அன்னாசியில் விதை விழுந்துவிடக் கூடாது என்றே ஹவாய் தீவுகளுக்குள் ஹம்மிங் பறவையைக் கொண்டுவரத் தடை.

டிராகன் பழத்துக்கு வருவோம். சிவப்புச் சதை ரகங்களில் பலவும் தன்னை மறுப்பவை, வெள்ளைச் சதை ரகம் பெரும்பாலும் தனியாகக் காய்க்கும். ஆகவே சிவப்புக்கு வெள்ளையின் மகரந்தம். வெள்ளைக்கும் சிவப்பின் மகரந்தம் வைத்தால் விதை கூடுதலாகப் பிடித்துப் பழம் எடை கூடும். பூ இருட்டிய பிறகு விரியும், காலையில் வாடிவிடும், ராத்திரியிலோ விடியற்காலையிலோ செய்தாக வேண்டும். பூசிய பிறகு அடிப்பகுதி பச்சையாகவே நின்று இதழ் மட்டும் காய்ந்தால் பிடித்துவிட்டது, சுமார் ஒரு மாதத்தில் பழம்.

இரண்டும் ஒரே ராத்திரியில் பூக்குமா என்றால், என் வீட்டில் பூத்ததே இல்லை, வெள்ளை எப்போதும் முந்தும். அதற்கு மகரந்தத்தைச் சேர்த்துவைக்க வேண்டும். பூ விரிந்ததும் பேப்பரில் தட்டி எடுத்து, காற்றோட்டமாகச் சில மணி நேரம் உலரவிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு சின்ன மாத்திரை டப்பாவில் போட்டு இறுக்கி மூடி ஃபிரீசரில் வையுங்கள். குளிர்பெட்டியின் கீழ்த்தட்டு போதாது, ஃபிரீசர்தான் நீண்ட நாள் தாங்கும். எடுக்கும்போது டப்பா அறைச் சூட்டுக்கு வந்த பிறகே திறங்கள், இல்லையென்றால் ஈரம் பூத்துவிடும்.

டப்பாவின்மேல் ரகமும் தேதியும் எழுதி ஒட்டுங்கள். நான் போன வருஷம் எழுதாமல் இரண்டு டப்பா வைத்திருந்தேன், ஒன்றில் வெள்ளை, இன்னொன்றில் சும்மா பழகுவதற்காக எடுத்த சிவப்பு. ராத்திரி தூக்கக் கலக்கத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய் நான்கு பூவுக்கும் பூசினேன். ஐந்தாம் நாள் காலை, தொட்டியைச் சுற்றி நான்கு மஞ்சள் பூ கிடந்தது.